குலா கிடைத்துவிட்டது, தங்குவதற்கு இடம்?

2025 ஜூன் 24 அன்று தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு அளித்தது. குலா கோரும் முஸ்லிம் மனைவியின் உரிமை முழுமையானது, கணவன் சம்மதித்தால்தான் அது செல்லும் என்பதில்லை, முஃப்தி தரும் சான்று ஆலோசனை அளவிலானதே என்பது அதன் சாரம். தீர்ப்பு வெளியானதும் நமது வாட்ஸ்அப் குழுக்கள் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்தன. ஷரீஅத்தில் நீதிமன்றம் தலையிடுகிறது என்றார்கள் சிலர். ஷரீஅத் ஏற்கெனவே கொடுத்ததைத்தான் நீதிமன்றம் திருப்பிச் சொல்கிறது என்றார்கள் வேறு சிலர். பிறகு பேச்சு சான்றிதழுக்குப் போனது. யார் கொடுப்பது, யாருடைய கையெழுத்து செல்லும், எந்த முத்திரை இருக்க வேண்டும் என்று நீண்டது.

குலா கேட்டு வரும் ஒரு பெண் அன்றிரவு எங்கே தங்குவார் என்ற கேள்வியை மட்டும் அந்த விவாதங்களில் நாம் எங்கும் பார்க்கவில்லை.

சட்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. கடந்த சில ஆண்டுகளில் நீதிமன்றங்கள் தந்தவை சிறியவை அல்ல. 2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், நீதிமன்றத்துக்கு வெளியே குலா பெறும் உரிமை முஸ்லிம் பெண்ணுக்கு உண்டு என்று கூறி, அதை மறுத்திருந்த 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பை விலக்கியது. 2023 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றமோ, ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் குலா சான்றிதழ் வழங்க முடியாது, குடும்ப நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்றது. ஆக, ஒரே குலா பாலக்காட்டில் ஒருவிதமாகவும் பொள்ளாச்சியில் வேறுவிதமாகவும் இருக்கிறது. 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உறுதிசெய்தது. அந்தப் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கணவன் சொன்ன தலாக்கை மனைவி ஏற்க மறுத்தால் அது செல்லும் என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியது கணவன்தான் என்றது.

வெளியேறும் வாசல் முன்னைவிட அகலமாகியிருக்கிறது. வாசலைத் தாண்டிய பிறகு வரும் ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம். அடியும் வசையும் நிறைந்த ஒரு வீட்டிலிருந்து வெளியேறிய பெண் மீண்டும் ஒரு வாழ்க்கையைக் கட்டுவது அந்த வருடங்களில்தான். நமது மஹல்லாக்கள் பெரும்பாலும் காணாமல் போவதும் அந்த வருடங்களில்தான்.

முதலில் இதன் அளவைப் பார்க்கலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்திருக்கிறார்கள். அகில இந்திய அளவில் அது 29.3 சதவீதம். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் மாநிலம் இதில் நாட்டின் சராசரியைவிட மோசமாக இருக்கிறது. இது எல்லா மதத்தினரையும் சேர்த்த கணக்கு. நமது வீடுகள் அந்தக் கணக்குக்கு வெளியே இருப்பதாக நினைப்பவர்கள், ஜமாஅத் அலுவலகத்தில் பஞ்சாயத்து நடக்கும் நாட்களில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான இந்தியப் பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஜமாஅத்துக்கு வந்து நிற்பவர் எஞ்சிய சிறுபான்மையில் ஒருவர். அவர் அங்கே வந்து சேர்வதற்கு முன் எத்தனை வருடம் வாயை மூடியிருந்தார் என்பது நமக்குத் தெரியாது.

அவரிடம் நாம் முதலில் சொல்லும் சொல் 'ஸப்ர்'. பொறுமையாக இரும்மா, பிள்ளைகள் இருக்கு, ஆம்பிளை கோபம் அப்படித்தான் இருக்கும். நோயிலும் இழப்பிலும் வறுமையிலும் மனிதனைத் தாங்கும் ஒரு குணத்தை, ஒருவன் கையை ஓங்குவதற்கு வசதி செய்து கொடுக்கும் குணமாக நாம் மாற்றி வைத்திருக்கிறோம். சமரசம் பேசுவது தவறில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. விடுதலையான பரீரா (ரலி) தன் கணவர் முகீஸைப் பிரிந்தபோது, அழுதுகொண்டே பின்னால் நடந்த அந்தக் கணவருக்காக நபி (ஸல்) அவர்களே பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். கட்டளையல்ல, பரிந்துரை என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. விஷயம் அத்தோடு முடிந்தது. புகாரியில் இருக்கும் இந்தச் சம்பவத்தில் கணவர் அடித்தார் என்றுகூட இல்லை. நமது பஞ்சாயத்துகளில் அடிபட்ட பெண்ணுக்குக்கூட அந்த பதில் சொல்லும் உரிமை கிடைப்பதில்லை. மூன்றாவது முறை, நான்காவது முறை எழுதி வாங்கிக்கொண்டு அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம்.

திரும்பிப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே முறையில் வெளியேறி முடிப்பவர்கள் குறைவு. போவார், வருவார், மறுபடி போவார். அவளுக்கே நிலையில்லை, நாம் என்ன செய்ய என்று கை கழுவ இது நமக்கு ஒரு சாக்காகிவிடுகிறது. அந்தப் போக்குவரத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் பாசத்தைவிட வாடகையும் பள்ளிக் கட்டணமும்தான் அதிகம் தெரியும்.

தங்குமிடம்

அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், 'சகி' என்ற பெயரில் 2015இல் தொடங்கப்பட்டவை, மாவட்டங்களில் இருக்கின்றன. மருத்துவ உதவி, காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையில் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. அங்கே தங்கக்கூடிய காலம் ஐந்து நாட்கள். அதற்குப் பிறகு அரசு இல்லங்களுக்கு மாற்றலாம்; ஆனால் இரண்டு பிள்ளைகளோடு வந்த பெண், 'ஹோம்' என்ற சொல்லைக் கேட்டதுமே கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. தான் வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையை அதன் 17ஆம் பிரிவு தருகிறது. கணவனை அந்த வீட்டை விட்டு விலகியிருக்கச் சொல்லவும், மனைவிக்கு வேறு வீட்டுக்கு வாடகை கட்டச் சொல்லவும் 19ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அது பெண் வாழ்ந்த குடும்ப வீடாக இருக்க முடியும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விவாகரத்துக்கு முன் நடந்த வன்முறைக்காக, விவாகரத்துக்குப் பின்னும் இச்சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்கலாம் என்பது 2014இல், மும்பையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கிலேயே தீர்மானமானது. மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வராந்தாவில் நின்றவர்களுக்கு அந்த 60 நாட்கள் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இந்த இடத்தில் நமது வரலாற்றில் ஒரு பெண்ணை நினைவுகூர வேண்டும். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி). இறுதித் தலாக் சொல்லப்பட்டு நின்ற அவர் இத்தா இருக்க ஒரு வீடு தேவைப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் முதலில் உம்மு ஷரீக் என்ற பெண்மணியின் வீட்டைச் சொன்னார்கள். பிறகு, அங்கே தோழர்கள் அதிகம் வந்து போவார்கள், உனக்குச் சிரமமாக இருக்கும் என்று யோசித்து, பார்வையற்ற தோழரான இப்னு உம்மி மக்தூமின் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இந்த ஹதீஸிலிருந்து இருப்பிடம், செலவு பற்றி மத்ஹபுகள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன. அது வேறு விவாதம். நமக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரு சமுதாயத்தின் தலைவர், விவாகரத்தான ஒரு பெண்ணுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறார். பார்த்த வீடு அவருக்கு வசதிப்படுமா என்று மறுபடி யோசித்து மாற்றுகிறார். எந்த ஜமாஅத் தலைவர் கடைசியாக இதைச் செய்தார்?

பிறந்த வீடு இருக்கிறதே என்று சொல்வார்கள். தாய் தகப்பன் இருக்கும்வரை இருக்கிறது. அவர்கள் மௌத்தான பிறகு அது அண்ணன் வீடு, தம்பி வீடு. அந்த வீட்டில் ஓர் அறையை விட்டுக்கொடுப்பதை சகோதரர்கள் பெரிய தயாளமாக நினைக்கிறார்கள், மைனிமார் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது. சூரா அந்நிஸாவில் நிர்ணயிக்கப்பட்ட பங்கு அது. சீர் செய்தோம், நகை போட்டோம், அதோடு கணக்கு முடிந்தது என்று நாமாகவே அதை அழித்துவிட்டோம். தாமாக முன்வந்து 'விட்டுக்கொடுத்த' சகோதரிகளிடம், கையெழுத்துப் போட்ட நாளில் உள்ளே என்ன நினைத்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. பாகப்பிரிவினையில் ஒரே ஓர் அறையாவது அவர் பெயரில் எழுதப்பட்டிருந்தால், அடிவாங்கிக்கொண்டு வந்தவர் விருந்தாளியாக நிற்க வேண்டியிருக்காது.

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. பொருளியலாளர் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தனர். நிலமும் வீடும் இரண்டுமே தம் பெயரில் இருந்த பெண்களில் அது 7 சதவீதம். போய்த் தங்க இடமுள்ளவளை அடிக்க, அடிப்பவனும் யோசிக்கிறான்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும், கடல் கடந்து இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடியிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மண வாழ்க்கை முறிந்தால் பெட்டியைக் கட்டுவது மாப்பிள்ளைதான். பெண்ணும் பிள்ளைகளும் அதே தெருவில், அதே அண்டை வீட்டாரோடு, அதே பள்ளிக்கூடத்தோடு இருப்பார்கள். மகள்கள் பிறந்ததிலிருந்து வீடு கட்டப் பணம் சேர்த்தே தேய்ந்துபோன வாப்பாமார்களின் கஷ்டத்தையும் நாம் அறிவோம்; அதை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. அந்த ஊர்களில் வன்முறையே இல்லை என்றும் சொல்லவில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருந்தால் முறிவுக்குப் பிறகான முதல் இரவு வேறு மாதிரி இருக்கும் என்பது மட்டும் கண்கூடு.

காசும் கையெழுத்தும்

பெரும்பாலான பிரிவுகள் இன்றும் ஜமாஅத் மேசையில்தான் முடிகின்றன. இத்தா காசு என்று மூன்று மாதத்துக்கு ஒரு தொகை, மஹர் பாக்கி இருந்தால் அது, நகையில் 'இருப்பது' என்று ஒப்புக்கொண்டது. பிறகு, இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று ஒரு தாள். பெண் கையெழுத்துப் போடுகிறார். அந்த அறையை விட்டு வெளியேறினால் போதும் என்ற நிலையில் இருப்பவர் எதிலும் கையெழுத்துப் போடுவார்.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தை விளக்கி 2001இல் உச்ச நீதிமன்றம் டேனியல் லத்தீஃபி வழக்கில் சொன்னது வேறு. இத்தா காலத்துக்குள் கணவன் கொடுக்க வேண்டியது, இத்தா காலத்துக்கு மட்டும் போதுமான செலவு அல்ல. அந்தப் பெண்ணின் எதிர்காலத்துக்கும் சேர்த்த நியாயமான ஏற்பாடு. விவாகரத்தான பெண்களுக்கு நல்ல முறையில் கொடுத்தனுப்பச் சொல்லும் அல்பகரா 241ஆம் வசனம் இதற்கு அந்நியமானதல்ல. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நமது மேசைகளில் மூன்று மாதக் கணக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளில் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது பெண்ணின் உரிமை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு நஷ்டம்.

ஜீவனாம்சத்தை மட்டும் நம்பி யாரும் வாழ்க்கையைக் கட்ட முடியாது. நாம் மேலே சொன்ன 2024ஆம் ஆண்டு வழக்கில் குடும்ப நீதிமன்றம் மாதம் 20,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் விதித்தது. உயர் நீதிமன்றம் அதை 10,000 ஆகக் குறைத்தது. அதையும் எதிர்த்துக் கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். வேலைதான் வழி. உதவி என்று வரும்போது நமது அமைப்புகளுக்கு ஒரே ஒரு யோசனை இருக்கிறது: தையல் இயந்திரம். மேடை போட்டு, ஷாமியானா கட்டி, பிரமுகர் கையால் கொடுத்து, படம் எடுத்து அனுப்புகிறோம். ஒரே தெருவில் ஆறு பேர் நைட்டி தைத்தால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும்? பாதியில் நின்ற பட்டப்படிப்பை முடிக்கக் கட்டணம், கணக்கு எழுதும் மென்பொருள் பயிற்சி, செவிலியர் படிப்பு, இரு சக்கர வாகன உரிமம், குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவை படம் எடுக்கத் தோதானவை அல்ல. ஆனால் இவற்றுக்குத்தான் வருமானம் உண்டு.

இத்தாவில் இருக்கும் பெண் வேலைக்குப் போகலாமா என்ற கேள்வி உடனே வரும். மார்க்க விவரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். முஸ்லிம் நூலில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லிவிடுகிறோம். தலாக் சொல்லப்பட்ட அவருடைய சிறிய தாயார், தன் தோப்பில் பேரீச்சை பறிக்கப் புறப்பட்டபோது ஒருவர் தடுத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். போய்ப் பறித்துக்கொள், அதிலிருந்து நீ தர்மம் செய்யவும் கூடும் என்ற பொருளில் அனுமதி கிடைத்தது. வீதியில் நிறுத்தித் தடுத்த அந்த ஒருவர் நமது மஹல்லாக்களில் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

தாள்கள்

வெளியேறிய பெண்ணின் முதல் வருடம் பெரும்பாலும் தாள்களைத் தேடுவதில் போகிறது. திருமணங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி 2009இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகு நடந்த நிக்காஹ்களிலும் பல பள்ளிவாசல் தஃப்தரோடு நின்றுவிட்டன. நீதிமன்றத்தில் திருமணத்தை நிரூபிக்க அந்தத் தஃப்தரின் நகல் வேண்டும். அது மாப்பிள்ளையின் உறவினர் செயலாளராக இருக்கும் ஜமாஅத்தில் இருக்கும். இன்று போய் நாளை வா. கேட்ட அன்றே, கேட்பவர் எந்தத் தரப்பு என்று பார்க்காமல் நகல் கொடுக்கும் ஒரு வழக்கத்தை எந்த ஜமாஅத்தும் ஒரே கூட்டத்தில் தீர்மானமாகப் போடலாம். செலவு, ஜெராக்ஸ் காசு.

அடுத்தது குடும்ப அட்டை. அவர் பெயரும் பிள்ளைகள் பெயரும் மாமியார் தலைமையிலான அட்டையில் இருக்கும். அங்கிருந்து நீக்காமல் தனி அட்டை கிடைக்காது. மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான் என்பதால் அதுவும் மாமியார் பக்கமே நிற்கும். பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் அந்த வீட்டு பீரோவில். பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தந்தையின் கையெழுத்து கட்டாயம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2016 டிசம்பர் முதல் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். மற்றவர் சம்மதிக்காதபோது அதைச் சொல்லி உறுதிமொழி கொடுக்கத் தனிப் படிவம் உண்டு. வெளியேறும் எண்ணத்தில் இருக்கும் சகோதரிகள் நகைப் பட்டியல், ரசீதுகள், மருத்துவமனைச் சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் படங்களை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே அனுப்பி வைப்பது நல்லது. கைப்பேசியின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இருக்குமிடத்தைக் காட்டும் வசதி கணவனின் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உம்மா வீட்டுக்கு வந்த பிறகும் கதவைத் தட்டியவர்கள் வழி கண்டுபிடித்தது பல நேரங்களில் அப்படித்தான்.

மனம் இதற்கெல்லாம் பின்னால் மெதுவாக வருகிறது. நிம்மதியாக இருக்கிறாள் என்று நாம் நினைக்கும் மாதங்களில்தான் தூக்கம் போகிறது. கேட் தாழ்ப்பாள் சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. குழம்பில் உப்புக் கூடிவிட்டால் யாரும் திட்டாமலே கை நடுங்குகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவனை நினைத்து அழுகை வரும். நல்ல நாட்களும் இருந்தன அல்லவா. இதைக் கண்டு வீட்டார் பதறி, இன்னும் ஆசை இருக்கு போல, சேர்த்து வைக்கலாமா என்று ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அழுது முடிக்க விடுங்கள். மனநல ஆலோசனை என்றால் பைத்தியம் என்ற பட்டம் கிடைக்கும் என்று பயப்படுபவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் வீட்டிலிருந்தபடியே பேச உதவும். வன்முறை பற்றிய உதவிக்கு 181.

பிள்ளைகள் விஷயத்தில் நமக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபின்படி மகன் ஏழு வயது வரையும் மகள் பருவம் அடையும் வரையும் தாயிடம் இருப்பார்கள். ஷாஃபியில் விவரம் தெரியும் வயதுவரை தாயிடம், பிறகு பிள்ளையே தேர்ந்தெடுக்கும். நீதிமன்றம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளையின் நலனையே முதலில் பார்க்கும். எதிலுமே, பையன் வாப்பாவுக்குத்தான் என்று பஞ்சாயத்தில் கத்துவதற்கு இடமில்லை. உம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த எட்டு வயதுப் பையன் மதரஸாவில் யாரையாவது தள்ளிவிட்டால், தகப்பன் இல்லாத வளர்ப்பு என்று உஸ்தாத் சொல்லிவிடக் கூடாது. அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்பது உஸ்தாதுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜமாஅத் கடிதம்

வெளியூர் மாப்பிள்ளை நிக்காஹ் செய்ய வரும்போது அவருடைய மஹல்லாவிலிருந்து தடையில்லாக் கடிதம் கொண்டு வருகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் அடித்துத் துன்புறுத்தி மனைவி ஓடிப்போகக் காரணமான ஒருவர், அடுத்த மாதமே அதே கடிதத்தைச் சுத்தமாக வாங்கிக்கொண்டு பக்கத்து மாவட்டத்தில் மாப்பிள்ளையாக உட்காருகிறார். கையெழுத்துப் போட்ட செயலாளருக்கு எல்லாம் தெரியும். அவரைப் பற்றிப் பேசினால் புறம் என்கிறார். பெண்ணைப் பற்றிக் கேட்டு வருபவர்களிடம் மட்டும், கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்று சொல்வது அவருக்குப் புறமாகத் தெரிவதில்லை.

மேலே சொன்ன ஃபாத்திமா பின்த் கைஸின் வரலாறு இத்தாவோடு முடியவில்லை. இத்தா முடிந்ததும் அவரை இரண்டு பேர் பெண் கேட்டார்கள். அவர் யோசனை கேட்டு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் பூசி மெழுகவில்லை. ஒருவர் தோளிலிருந்து கம்பைக் கீழே வைக்காதவர், மற்றவர் கையில் காசில்லாதவர் என்று சொல்லிவிட்டு உஸாமாவை மணக்கச் சொன்னார்கள். பெண்களை அதிகம் அடிப்பவர் என்று இன்னொரு அறிவிப்பு அந்தக் கம்புக்கு விளக்கம் சொல்கிறது. ஒரு பெண்ணின் அடுத்த வாழ்க்கையைக் காப்பாற்ற, கை நீளமான ஒருவரைப் பெயர் சொல்லி எச்சரிப்பது புறம் பேசுவதில் சேராது என்பதற்கு இமாம்கள் இந்த ஹதீஸையே எடுத்துக்காட்டுகிறார்கள். கடிதத்தில் ஒரு வரி போதும்: முந்தைய மணம் எப்போது, எதனால் முறிந்தது. எல்லாப் பிரிவும் வன்முறையால் வருவதில்லை என்பதால், இரு தரப்பையும் கேட்டு எழுதட்டும்.

மறுமணம் எல்லோருக்கும் தேவையுமில்லை. உனக்கு ஒரு துணை வேண்டாமா என்று இத்தா முடிந்த மறுநாளே ஆரம்பிக்கும் பெரியம்மாக்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். இரண்டாம் தாரமாக, ஐம்பது வயதுக்காரருக்குச் சமையலுக்கு ஆள் தேடும் இடத்தில் இருபத்தெட்டு வயதுப் பெண்ணைத் தள்ளிவிட்டு, வாழ்க்கை அமைத்துக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

இறுதியாகப் பணம். வக்ஃப் சட்டத் திருத்தத்தை எதிர்த்து 2025இல் நமது சமுதாயம் வீதிக்கு வந்தது. அந்த எதிர்ப்பில் நமக்கும் உடன்பாடே. ஆனால் வக்ஃபுக்கும் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் உள்ள தொடர்பு அந்தத் திருத்தத்துக்கு முன்பே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, விவாகரத்தான பெண்ணைத் தாங்க உறவினர்கள் இல்லாவிட்டாலோ அவர்களுக்கு வசதி இல்லாவிட்டாலோ மாநில வக்ஃப் வாரியம் செலவு கொடுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு வக்ஃப் வாரியமே கட்சிக்காரராக இருந்த ஒரு வழக்கில், உறவினர்களால் முடியாது என்பதைக் காட்டி அந்தப் பெண் வாரியத்தை நேரடியாகவே கேட்கலாம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படி ஒரு வழி இருப்பதாகத் தெரிந்த பெண்களை நாம் அதிகம் சந்தித்ததில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களைப் பற்றியும் அப்படித்தான். ஜும்ஆ மேடையில் ஒரு முறை அறிவித்தால் கேட்டவர்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

பெரிய கட்டடங்கள் எழுப்பச் சொல்லவில்லை. நமது ஊர்களில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஷாதி மஹால் இருக்கிறது. மாடியில் மாப்பிள்ளை வீட்டார் தங்க இரண்டு, மூன்று அறைகள், குளியலறையோடு, கட்டில் மெத்தையோடு. கல்யாணம் இல்லாத மாதங்களில் அவை பூட்டியே கிடக்கின்றன. ஓர் அறையை ஒரு பெண்ணுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இத்தா முடியும்வரை ஒதுக்க என்ன தடை என்று ஒரு நிர்வாகியிடம் கேட்டோம். விதியில் இல்லை என்றார். விதியை யார் எழுதினார்கள் என்று கேட்டோம். சிரித்தார். சாவி மோதினாரிடம் இருக்கிறது.